நாலு ஞாயிறும் லைன் அறுந்தது

29 ஜூன் 1997, ஞாயிறு

கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் ஷரீஃபை ஜெயித்தேன். ஒன்பது விநாடி வித்தியாசம். மனுஷன் பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஆனால் மூன்றாவது வளைவு வருவது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ‘நல்ல ஆட்டம், நன்றி’ என்று தட்டி அனுப்பினேன். ஜெயித்தாலும் தோற்றாலும் இதைத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எங்கள் எட்டுப் பேரில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

சாயங்காலம் அடுத்த வாரப் பட்டியலை, வைரவன் கம்ப்யூட்டரில் நடத்தும் அறிவிப்புப் பலகையில் போட ஏழு தடவை டயல் செய்ய வேண்டியிருந்தது. அடையாறில் அவன் வீட்டில் ஒரே ஒரு டெலிபோன், அதன் முனையில் ஒரு கம்ப்யூட்டர். நாங்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் அதற்குள் போய்த்தான் கடிதம் எழுதிவைக்க வேண்டும், படிக்க வேண்டும். யாரோ ஒருத்தர் உள்ளே போய் ஊர்க்கதை எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

யார் யாரோடு கார் ஓட்டுவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். போன வருடம் வரை அது சந்தைக்கடை. கை தேர்ந்த ஆட்கள் நேற்று மோடம் வாங்கியவனாகப் பார்த்துப் பிடித்து ஆடி, ஜெயித்த கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அழாத குறையாக ஓடியே போனார்கள். ஏணி மாதிரி பட்டியல் போட்டு, பக்கத்துப் படிக்காரர்கள்தான் மோத வேண்டும் என்று கொண்டுவந்தவன் நான். கல்லூரியில் நான் நடத்தும் புள்ளியியலால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இங்கேயாவது நியாயத்துக்கு உதவட்டும்.

முதல் படியில் நான். அடுத்த வாரம் என்னோடு இரண்டாம் படிக்காரன், ஆண்டனி. மார்ச்சில் கடைசிப் படியில் வந்து சேர்ந்தவன், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஏறி வந்திருக்கிறான். மந்தைவெளியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு அங்கிருந்து ஆடுகிறானாம். பட்டினப்பாக்கம் பையன், அம்மா மீன் விற்கிறாள் என்று ஷரீஃப் சொன்னார். நான் இதையெல்லாம் பார்ப்பவன் இல்லை.

3 ஜூலை, வியாழன்

ஹால் போனில் ஒட்டியிருந்த சீட்டு கிழிந்துவிட்டது. புதிதாக எழுதி ஒட்டினேன்: ‘ஞாயிறு 2 முதல் 3 வரை எடுக்கக் கூடாது.’ ஹாலில் போன், என் அறையில் எதிராளியின் கம்ப்யூட்டரோடு போன் வழியே இணைக்கும் மோடம், இரண்டுக்கும் ஒரே லைன். ரிசீவரை யாராவது தூக்கினால் ஆட்டம் காலி. மகள் ஸ்நேஹாவுக்கு ஒன்பது வயது, அவளுக்கே இது மனப்பாடம்.

6 ஜூலை, ஞாயிறு

ஆண்டனியோடு ஆட்டம். ஆறாவது சுற்றில் லைன் அறுந்தது. பத்துச் சுற்று ஆட்டம். நான் கொஞ்சம் பின்னால் இருந்தேன், நாலு சுற்று பாக்கி இருந்தது, பிடித்திருப்பேன்.

நான்காவது விதிப்படி ஆட்டம் செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடியும். அந்த விதி நான் எழுதியது. மழை பெய்தால் லைன் போகும், தெருவைத் தோண்டினால் போகும். அதற்கெல்லாம் ஒருத்தரைத் தண்டிக்க முடியுமா?

நாலு மணிக்கு என் மனைவி நீரஜாவின் பாட்டு வகுப்பு. நாலு பெண்கள், ஒரே வரி, நாற்பது தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தோற்கவில்லையே, எரிச்சல் எதற்கு?

13 ஜூலை, ஞாயிறு

மறுபடியும். இந்தத் தடவை ஏழாவது சுற்று. திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வருகிறதே, அந்த வரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பையன் வேகமாகத்தான் ஓட்டுகிறான். சந்தேகப்படும் அளவுக்கு வேகம்.

டெலிபோன் இலாகாவுக்குப் புகார் கொடுத்தேன். நாளை ஆள் வருவானாம்.

14 ஜூலை, திங்கள்

ஆள் வந்தான். லைனைத் தட்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான். “லைன் கண்ணாடி மாரி கீது சார்” என்றான். நினைத்தேன். அப்படியானால் கோளாறு அந்தப் பக்கம்.

20 ஜூலை, ஞாயிறு

மூன்றாவது வாரம். எட்டாவது சுற்று.

ஷரீஃப் போன் செய்தார். “இன்னா வாத்யாரே, நீங்க பின்னாடி போனா மட்டும் லைனு டைம் பாத்து அறுந்துக்குது?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எட்டு மாதமாக இந்த ஆட்டத்துக்கு முறை என்று ஒன்றை உண்டாக்கி, யார் யாரோடு ஆடினால் நியாயம் என்று ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா? கண்ணாடிக் கடைக்காரர் கண்ணுக்கு நான் அவ்வளவு அல்பமாகவா தெரிகிறேன்?

பேர் என்று ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. கல்லூரியில் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அண்ணா நகரில் வீடு வாங்கவில்லை. சுந்தரராமன் நேர்மையான ஆள் என்ற பேர் இருக்கிறது. அதுவும் போனால் என்ன மிச்சம்?

27 ஜூலை, ஞாயிறு

நாலாவது வாரம். ஒன்பதாவது சுற்றில் போயிற்று.

நீரஜா அறைக்குள் எட்டிப் பார்த்து, “மறுபடியும் கட் ஆயிடுத்தா? போறது விடுங்கோ, காபி கொண்டு வரட்டுமா?” என்றாள். நல்ல வேளை, வீட்டில் ஒருத்தியாவது என் பக்கம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்டனியோடு ஆடியதை ஒதுக்கிவிட்டால் ஜனவரியிலிருந்து எல்லோருமாக ஆடியது தொண்ணூற்றொன்பது ஆட்டம். அதில் லைன் அறுந்தது பதினொன்று. ஒன்பதுக்கு ஒன்று. அப்படியிருக்க, ஒரே ஜோடிக்குத் தொடர்ந்து நாலு தடவை அறுவது ஆறாயிரத்து ஐந்நூற்றில் ஒரு தடவை நடக்கக்கூடியது. அதாவது தற்செயல் இல்லை. யாரோ வேண்டுமென்றே அறுக்கிறார்கள்.

நான் அறுக்கவில்லை. ஆகவே?

29 ஜூலை, செவ்வாய்

முன்னால் போகிறவன் எதற்கு லைனை அறுக்க வேண்டும் என்பதுதான் இடித்தது. இன்று பேருந்தில், அடையாறு பாலத்தின் மேல் நிற்கும்போது பிடிபட்டது. ஆட்டம் முடிந்தால் இரண்டு கம்ப்யூட்டரும் தங்கள் கணக்கை ஒப்பிட்டு நேரப் பட்டியல் எழுதும். ஒருவன் தன் காரின் வேகத்தைத் திருட்டுத்தனமாக ஏற்றி வைத்திருந்தால் அங்கே குட்டு வெளிப்படும். ஆகவே முடியும் முன்பே அறுத்துவிட வேண்டும். ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவனுக்கு அந்த வித்தை தெரியாதா?

இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் நாலு வாரம் ஆயிற்று.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பலகையில் நீண்ட கடிதம் எழுதினேன். கணக்கு முழுவதையும் படிப்படியாகக் கொடுத்தேன். கடைசியில்: ‘எனவே திரு. ஆண்டனி பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். இது தனிப்பட்ட விரோதம் அல்ல.’

பெயரை அழித்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. வருத்தப்பட்டதற்குச் சாட்சியாக இதையும் எழுதிவைக்கிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வைரவன் மட்டும் முனகுகிறான். “சார், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றான். கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டு என்றேன். “கணக்கு கரெக்ட்டாத்தான் சார் இருக்கு” என்றான். பிறகென்ன?

மற்றவர்கள் எல்லோரும் சரி என்று எழுதிவிட்டார்கள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஷரீஃபோடு ஆட்டம். ஜெயம். லைன் கல்லு மாதிரி நின்றது. சொன்னேனா இல்லையா?

15 ஆகஸ்ட், வெள்ளி

கல்லூரியில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வீடு வந்தால் வாசலில் ஆண்டனி நிற்கிறான். முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கையில் மூன்று ஃப்ளாப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி.

“சார், நான் ஆடுன கேம் ப்ரோக்ராம் காப்பி இதுல கீது. நீங்களே உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க. ஒரு எடத்துல கை வெச்சிருந்தா நீங்க இன்னா சொல்றீங்களோ கேட்டுக்கறேன்.”

வைத்துவிட்டுப் போப்பா, பார்க்கிறேன் என்றேன். அவன் நகரவில்லை.

“நான் முன்னாடி போய்க்கினு இருக்கேன் சார். ஜெயிக்கிற நேரத்துல நான் இன்னாத்துக்கு லைனப் புடுங்கப் போறேன்?”

என் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்றேன். அதற்குள் நீரஜா உள்ளேயிருந்து வந்து, வெயில்ல நிக்க வெச்சுப் பேசறேளே, உள்ள வாங்கோ தம்பி என்று கூப்பிட்டு மோர் கொடுத்தாள். என்ன விஷயம் என்று அவனையே கேட்டாள். அவன் சொன்னான். நாலு ஞாயிறையும் சொன்னான், ஒவ்வொன்றிலும் எந்தச் சுற்று என்றுகூடச் சொன்னான். தன் பேரை அழித்ததைச் சொல்லும்போது மட்டும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நீரஜா அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் போன பிறகு ஃப்ளாப்பியைப் போட்டு என் காப்பியோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. அதனால் என்ன? ஆடியது வேறு காப்பியாக இருக்கும். இதைக்கூட யோசிக்காமலா வருவான்?

நீரஜா மத்தியானம் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

16 ஆகஸ்ட், சனி

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

காலையில் ஸ்நேஹாவை ஹிந்தி வகுப்புக்கு அனுப்பிவிட்டு வந்து நீரஜா எதிரே உட்கார்ந்தாள். “அந்தப் பையனை மறுபடியும் சேத்துக்கோங்கோ” என்றாள். முடியாது, இது கணக்கு என்றேன்.

“போனை எடுத்தது நான்தான்.”

எப்போ என்று கேட்டேன். என்ன கேள்வி அது! ஆனாலும் அதைத்தான் கேட்டேன்.

“நீங்க தோக்கறபோதெல்லாம். தோக்கறச்சே நீங்க மூச்சு விடற சத்தம் ஹாலுக்குக் கேக்கும். ஏழாவது எட்டாவது சுத்துல நாற்காலி கிறீச்சுன்னு முன்னாடி நகரும். அப்போ ரிசீவரைத் தூக்கி ஒரு நிமிஷம் வெச்சுண்டு, வெச்சுடுவேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணலை. பொங்கலுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை தோத்தேளே, அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து. அன்னிக்கு ஸ்நேஹா எதுக்கோ சிரிச்சா. உங்களைப் பாத்துச் சிரிச்சான்னு தட்டைத் தூக்கி வீசினேள். அவ அன்னிக்கு முழுக்க மொட்டை மாடியில உக்காந்திருந்தா.”

அப்படியெல்லாம் இல்லை என்றேன். பெரிசு பண்ணாதே என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“தோத்தா ‘நல்ல ஆட்டம், நன்றி’ன்னு அவாளுக்கு எழுதிட்டு எழுந்து வருவேள். பாக்கியெல்லாம் எங்களுக்கு. என்கிட்டப் பாட ஏழு பொண்ணுகள் வந்துண்டிருந்தா. இப்போ நாலு. நீங்க தோத்த அன்னிக்கு வாசல்லயே நின்னு, மாமிக்கு உடம்பு சரியில்லைன்னு திருப்பி அனுப்பிச்சு அனுப்பிச்சு மூணு பேர் ஆத்துல வேற இடம் பாத்துண்டுட்டா. அதுக்கு அப்புறம்தான் போனை எடுக்க ஆரம்பிச்சேன்.”

ஒரு நிரபராதி மேலே பழி விழுந்திருக்கே, தெரியலையா உனக்கு என்று கேட்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பழியைப் போட்டது அவளா?

“நேக்கு அந்தப் பையனைத் தெரியாது. உங்களைத் தெரியும்.”

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, ஸ்நேஹா வர்ற நேரம் ஆயிடுத்து, முகத்தை அலம்பிக்கோங்கோ என்றாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தைத் தள்ளிவைத்தேன்.

ஜனவரியைப் புரட்டிப் பார்த்தேன். 12-ம் தேதி, ஞாயிறு. என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘தோல்வி. ரசத்தில் உப்பு ஜாஸ்தி.’ தட்டு இல்லை. சிரிப்பு இல்லை. மொட்டை மாடி இல்லை. நானே எனக்கு எழுதிக்கொள்ளும் நோட்டில் நானே இல்லை!

பிறகு அந்தப் பதினொன்றைப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதில் பதினொன்று என்று அவ்வளவு கம்பீரமாக எழுதினேனே, அது. பதினொன்றில் ஆறு என் ஆட்டங்கள். எட்டுப் பேர் ஆடும் இடத்தில் பாதிக்கு மேல் ஒருத்தன் வீட்டில் அறுகிறது. முதல் வருட மாணவன்கூடப் பெயர்வாரியாகப் பிரித்து ஒரு கட்டம் போட்டுப் பார்த்திருப்பான். நான் போடவில்லை. போடத் தோன்றவே இல்லை. என் பெயரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது இருபது வருடம் புள்ளியியல் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆறில் நாலை மறு ஆட்டத்தில் ஜெயித்திருக்கிறேன். அதைக் கழித்தால் நான் ஐந்தாம் படி.

20 ஆகஸ்ட், புதன்

எழுதலாம். பலகையில் உண்மையை எழுதினால் என்ன ஆகும்? வாத்தியார் வீட்டு அம்மாள் போனைத் தூக்கினாள் என்று ஏழு வீட்டில் பேசுவார்கள். நீரஜாவின் பேர் கெடும். அவளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன்.

பொய். இந்த நோட்டிலாவது வேண்டாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடவில்லை. நீரஜாவிடம் எட்டு நாளாகப் பேச்சு இல்லை. ஸ்நேஹா என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ரிப்போர்ட் கார்டை அவளிடம் வாங்கிக்கொண்டாள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பலகையில் எழுதிவிட்டேன்: ‘எங்கள் இல்லத்து இணை டெலிபோன் தவறுதலாக எடுக்கப்பட்டிருக்கலாம் எனத் தெரியவருகிறது. எனவே திரு. ஆண்டனி மீதான நடவடிக்கை மறுபரிசீலனை செய்யப்படுகிறது.’

திரையை நீரஜாவிடம் காட்டினேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“யாரால எடுக்கப்பட்டதுன்னு போடலையே. தவறுதலாவா? பத்து தடவை தவறுதலாவா? கல்லூரி நோட்டீஸ் போர்டு மாதிரி எழுதியிருக்கேளே. இதைப் படிச்சா அந்தப் பையனுக்கு என்ன புரியும்?”

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன் என்றேன்.

“என்னை யாரும் காப்பாத்த வேண்டாம்.”

1 செப்டம்பர், திங்கள்

பழையதை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். நாலு வரி எழுத மூன்று மணி நேரம்.

‘போனை எடுத்தது என் மனைவி. வேண்டுமென்றே எடுத்தாள். நான் தோற்றால் வீட்டில் மனுஷனாக இருப்பதில்லை, அதனால் எடுத்தாள். ஆண்டனி ஒரு தப்பும் செய்யவில்லை. என் பெயரை ஐந்தாம் படிக்கு இறக்கிவிட்டேன்.’

அனுப்பும் விசையைத் தட்டிவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றுக்கும் இல்லை, சும்மா.

4 செப்டம்பர், வியாழன்

வைரவன்: ‘சார், உங்க வீட்ல ரெஃப்ரீ இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே!’ கேலி செய்யட்டும். பேசாமல் இருப்பவர்களைவிட அவன் தேவலை. நாலு பேர் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஷரீஃப் போன் செய்தார். கேலியை எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். “வாத்யாரே, லெட்டரப் படிச்சிட்டு நானும் வீட்ல கேட்டேன், நான் எப்படின்னு. எங்க வீட்டம்மா அமீனா பீ இருக்காளே, ஒரு வார்த்த அதிகமாப் பேச மாட்டா. அவ அரை மணி நேரம் பேசுனா வாத்யாரே” என்றார்.

ஆண்டனியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

6 செப்டம்பர், சனி

மந்தைவெளிக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. ஒரு மானிட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அந்த மரியாதை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“லெட்டர் பாத்தியாப்பா?”

“பாத்தேன் சார்.”

மன்னிச்சுக்கோ என்றேன். தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர, பரவாயில்லை என்று சொல்லவில்லை.

“நீங்க பேர எடுத்தீங்கல்ல, அது முதலாளி காதுக்கு வந்திச்சு சார். கடை லைன்ல திருட்டு ஆட்டம் ஆடுறியாமேன்னு சாவியப் புடுங்கிக்கினாரு. வேலைக்கே வராதன்னாரு. எங்கம்மா மார்க்கெட்ட உட்டுட்டு வந்து இங்க நின்னாங்க. எம் புள்ள திருடமாட்டான்னு இந்தத் தெருவே பாக்க அழுதாங்க. அப்பால சேத்துக்கினாரு, சாவியும் குடுத்தாரு.”

அவன் அம்மாவின் பெயர் தேசம்மாவாம். எனக்கு இதற்கு முன் தெரியாது. ‘இது தனிப்பட்ட விரோதம் அல்ல’ என்று எழுதினேனே, அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது?

பட்டியலில் உன் பேரை முதல் படியில் போட்டிருக்கேன் என்றேன்.

“லிஸ்ட்ல பேரு வேணாம் சார். எடுத்துருங்க.” திருப்புளியால் மேஜையைக் கீறிக்கொண்டே இருந்தான். “அந்த ஆட்டம் ஒண்ணு முடியாம கீது. அத்த மட்டும் முடிச்சிக்கலாம். அப்பால நான் உங்ககூட ஆடல.”

அடுத்த வாரம், பதினாலாம் தேதி, இரண்டு மணி. முதலாளியிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னான்.

7 செப்டம்பர், ஞாயிறு

முதல் படியில் ஆண்டனியின் பேரை இன்னும் எடுக்கவில்லை. அந்த ஒரு ஆட்டம் முடியட்டும். இந்த வாரம் ஆட்டம் இல்லை. போன வாரமும் இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன். யாரும் கேட்கவும் இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

ஒன்றரை மணிக்கு நீரஜாவிடம், இன்னிக்குப் போனை எடுக்காதே என்று சொன்னேன். “நீங்களே கழட்டி உங்க ரூமுக்கு எடுத்துண்டு போயிடுங்கோ. என்னை நம்பாதேங்கோ” என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, உள்ளபடிதான் சொன்னாள். கழற்றி எடுத்துக்கொண்டு போய் என் மேஜைக்கு அடியில் வைத்தேன்.

ஆண்டனி மூன்றாவது சுற்றிலேயே முன்னால் போய்விட்டான். ஆறாவது சுற்றில் அவன் கார் என் திரையில் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது, மாடு மாதிரி. எட்டாவது சுற்றில் நாற்காலி கிறீச்சிட்டது. லைன் அறுந்துவிடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அறுக்கவில்லை. பத்துச் சுற்றும் முடிந்தது. முப்பத்தோரு விநாடி. இரண்டு கம்ப்யூட்டரும் கணக்கை ஒப்பிட்டுச் சரி என்றன.

நல்ல ஆட்டம் என்று தட்ட விரலை வைத்தேன். தட்டவில்லை. அவனே தட்டினான்: ‘முடிஞ்சிடுச்சு சார்.’ பிறகு அவன் பக்கம் லைனை வைத்துவிட்டான்.

நாலு மணி வரை அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தேன், அவன் கேட்டபடி. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். ஹாலில் டி.வி. ஓடவில்லை, ஃபேன் சத்தம் மட்டும். நீரஜா வாசல் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், மாடிப்படியில் பெண்கள் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. ஸ்நேஹா பாட்டு வகுப்புப் பாயைச் சுருட்டியபடியே மாரோடு அணைத்துக்கொண்டு நடு ஹாலில் நிற்கிறாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். விரிப்பதா வேண்டாமா என்று.

“தோத்துட்டேன்” என்றேன். ஸ்நேஹா ஒரு அடி பின்னால் போனாள்.

“விரிம்மா” என்றேன்.

அவள் விரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். நீரஜா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்த பிறகுதான் விரித்தாள்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் என் அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேரும் பாடினார்கள், ஐந்து மணி வரைக்கும். குரலை அடக்கியேதான் பாடினார்கள். அவர்களிடம் யாரும் அப்படிப் பாடச் சொல்லவில்லை.